செருப்புகள் வரிசையில் நின்ற நாடு

போன மாதம்தான் எனக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். அந்தக் கண்கள் இரண்டின் மேலும் சத்தியமாகச் சொல்கிறேன், இனி வரப்போவதில் ஒரு சொல்கூட நான் கூட்டியது இல்லை. குறைத்திருக்கிறேன். முழுவதையும் சொன்னால் நம்பமாட்டீர்கள் என்பதால் நடந்ததில் பாதியை விட்டுவிட்டேன்.

தேரா துபாயில் ஒரு அரசாங்க அலுவலகத்துக்கு எதிரே எங்கள் டைப்பிங் சென்டர் இருந்தது. விசாவோ, லேபர் கார்டோ, பெண்டாட்டி பிள்ளையைக் கூப்பிட மனுவோ, எதுவானாலும் அரபியில் அடித்துக் கொடுத்தால்தான் எதிரே வாங்குவார்கள். அடித்துக் கொடுக்கிறவர்கள் நாங்கள் மூன்று பேர். நான், என் மச்சினன் ஜெய்னுலாப்தீன், யாழ்ப்பாணத்து ஏரம்பு. கடை ஒரு அரபியின் பெயரில் இருந்தது. அவர் மாதம் ஒருமுறை வந்து ஏசி ஓடுகிறதா என்று பார்த்து, கஹ்வா குடித்துவிட்டுப் போவார்.

கோடையில் எங்கள் வாசலில் நிற்க முடியாது. ஜூன் மாத வெயிலில் அந்த நடைபாதையில் கால் மணி நேரம் நின்ற ஒருவரின் நிழல் தார் போல உருகி சாக்கடைக்குள் ஓடியதை நானே பார்த்தேன். பாவம், நிழல் இல்லாமல்தான் ஊருக்குப் போனார். அதற்குப் பிறகு ஜெய்னுலாப்தீன் ஒரு ஏற்பாடு செய்தான். ஊரில் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வாங்கப் போனால் என்ன செய்வோம்? செருப்பைக் கழற்றி வரிசையில் போட்டுவிட்டு எங்காவது போய் உட்காருவோம். அதையே இங்கேயும் கொண்டுவந்தான். சோனாப்பூர் தொழிலாளர் கேம்பிலிருந்து வருகிறவர்கள் காலையில் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, பக்கத்து மலையாளி டீக்கடை ஏசியில் உட்கார்ந்துகொள்வார்கள். ஜெய்னுலாப்தீன் கதவைத் திறந்து, முதலில் கிடக்கிற செருப்பைப் பார்த்து, "யார்ப்பா இந்த நீல வார்?" என்பான். "பீஹாரி பாய். டீ குடிச்சிட்டிருக்கான்" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அந்த ஆள் துள்ளிக்கொண்டு ஓடி வருவார். ஒரு சண்டை கிடையாது.

கொரோனா ஓய்ந்த அடுத்த கோடையில், கோட்டும் சூட்டும் போட்ட ஒரு வெள்ளைக்கார இளைஞர் எங்கள் வாசலில் நின்று அந்தச் செருப்பு வரிசையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்து, "இந்த ஏற்பாட்டை யார் வடிவமைத்தது?" என்று கேட்டார். அவருக்கு அரைகுறை இங்கிலீஷ், எனக்கும் அரைகுறை இங்கிலீஷ். இரண்டு அரையும் சேர்ந்து பேச்சு தடையில்லாமல் நடந்தது.

"எந்த ஏற்பாடு சார்?"

"காலணிகள் நிற்கின்றன. மனிதர்கள் தேநீர் குடிக்கிறார்கள்."

ஜெய்னுலாப்தீன் என் காதோடு கேட்டான்: "என்னா மச்சான், முனிசிபாலிட்டி ஆளா? செருப்பை எடுக்கச் சொல்றாஹளா?"

"இல்லைடா. பாராட்டுறார் போல இருக்கு."

"அப்ப நான்தான்னு சொல்லுங்க."

சொன்னேன். அந்த இளைஞர் இரண்டு கையாலும் ஜெய்னுலாப்தீனின் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது.

அவர் பெயர் தெமிர்பெக். ஒரு நாட்டின் துணை அமைச்சர். நிர்வாகச் சீர்திருத்தம் அவருடைய இலாகா. பெரிய ஹோட்டல் ஒன்றில் நல்லாட்சி பற்றி மாநாடு நடந்துகொண்டிருந்தது. மூன்று நாளாகத் திரையில் அம்புக்குறிகளைப் பார்த்துச் சலித்துப்போய் வெளியே நடக்க வந்தவர்.

அவருடைய நாட்டின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. தேசப்படத்தில் அந்தப் பெயரை எழுத இடம் போதாமல், பக்கத்து நாட்டுக்குள் எழுதி அம்புக்குறி போட்டிருப்பார்கள். சோவியத் ஒன்றியம் உடைந்தபோது பெரிய நாடுகள் பீரங்கியையும் ரயிலையும் எண்ணெய்க் கிணற்றையும் எடுத்துக்கொண்டன. இவர்கள் பங்குக்கு மிஞ்சியது ரப்பர் முத்திரைகள். ஒரு ரயில் நிறைய. கிடைத்ததை வீணாக்கக்கூடாது என்று எல்லாவற்றுக்கும் முத்திரை வைத்தார்கள். மாடு வாங்க முத்திரை, மாடு கன்று போட முத்திரை, கன்று தாயோடு இருக்கலாம் என்பதற்கு ஒரு முத்திரை. ஒவ்வொன்றுக்கும் ஒரு அலுவலகம், ஒரு வரிசை. பனியில் வரிசையில் நின்று உறைந்துபோன ஒருவரைச் சிலை என்று நினைத்து மூன்று வருடம் மாலை போட்டார்களாம். இதைத் தெமிர்பெக் சிரிக்காமல்தான் சொன்னார். நானும் சிரிக்காமல்தான் கேட்டேன்.

பிறகு அவர் தாயாரைப் பற்றிச் சொன்னார்.

தாயார் பெயர் அய்சுலு. பிறந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம், வாழ்க்கைப்பட்டது இந்தப் பக்கம். அப்போது இரண்டும் ஒரே நாடு. பிறகு ஆறு எல்லையாகிவிட்டது. பிறந்த ஊரின் பதிவேடுகள் அந்தப் பக்கம் போய்விட்டதால், இந்தப் பக்கத்தில் அந்த அம்மா யாருடைய குடிமகளும் இல்லை. ஆற்றுக்கு அக்கரையில் அவருடைய தங்கை குல்ஸாத் படுத்த படுக்கையாக இருந்தாள். இக்கரையில் நின்று கத்தினால் கேட்கும் தூரம். ஆனால் பாலத்தைத் தாண்டப் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குக் குடியுரிமைத் தாள் வேண்டும். தங்கை கண்மூடுவதற்கு முன்னால் ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்துவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த அம்மாவுக்கு வேறு ஆசை கிடையாது.

"தம்பி, நீங்கதான் மந்திரி. ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது" என்றான் ஜெய்னுலாப்தீன். அவன் தமிழை நான்தான் இங்கிலீஷாக்கிக்கொண்டிருந்தேன்.

"துணை அமைச்சர். அதனால்தான் போட முடியாது" என்றார் தெமிர்பெக். பதவி ஏற்ற அன்று டெலிவிஷனில் அவர் சொல்லியிருந்தார்: என் வீட்டு ஆள் ஒருவர்கூட அடுத்தவரைத் தாண்டி முன்னால் போகமாட்டார். "அதைக் கேட்டு முதலில் கை தட்டியது என் அம்மாதான்."

ஏரம்பு கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினார். "நல்ல பிள்ளை. நல்ல பிள்ளையள் பெத்தா தாய்மாருக்குக் கஷ்டம்தான்."

தெமிர்பெக் செருப்பு வரிசையைப் படம் எடுத்துக்கொண்டு, மாநாட்டுக்குத் திரும்பாமலே ஊருக்குப் போனார். அடுத்த மாதம் ஜெய்னுலாப்தீனுக்கு விசிட்டிங் கார்டு பார்சலில் வந்தது. ஒரு பக்கம் அந்த நாட்டுக் கொடி, மறுபக்கம் 'வரிசை விவகார ஆலோசகர்'. அவன் நாயிஃப் கடைத்தெருவில் ஒரு கோட்டு தைத்தான். கோட்டைப் போட்டுக்கொண்டு லேபர் கார்டு அடித்தான். கேம்புக்காரர்கள் பயந்து போய் எழுந்து நின்றார்கள்.

"பாருங்கோ, செருப்பு வச்சு ஒரு நாட்டையே நடத்தப்போறார்" என்றார் ஏரம்பு.

"நடத்தினா என்னாங்குறேன்? சிஸ்டம் சரியா இருந்தா எங்கயும் நடக்கும்."

"ஓம். எங்கட ஊரிலயும் ஒரு காலத்தில வரிசையில செருப்பு மட்டும் மிஞ்சிக் கிடந்தது. ஆக்கள் திரும்பி வரேல்ல." அவர் மறுபடி தட்டத் தொடங்கினார். ஜெய்னுலாப்தீனும் அன்று கோட்டைக் கழற்றிவிட்டுத்தான் சாப்பிட்டான்.

அந்த நாட்டில் வேலை வேகமாக நடந்தது. எல்லா அலுவலகங்களையும் மூடி, தலைநகரச் சதுக்கத்தில் ஒரே மண்டபம், ஒரே சாளரம் வைத்தார்கள். குடிமக்கள் காலணியை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். முறை வரும்போது போன் வரும். தெமிர்பெக் வீடியோ காலில் காட்டினார். சதுக்கம் முழுக்கக் காலணிகள். பூட்ஸ், ரப்பர் ஷூ, மணப்பெண்ணின் குதிகால் செருப்பு, ஒரு குதிரையின் நான்கு லாடம். அவருக்குப் பின்னால் வெளிநாட்டு நிபுணர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருட உலக அட்டவணையில் 'வரிசையில் நிற்கும் குடிமக்கள்' என்ற கட்டத்தில் அவர்களுக்குப் பூஜ்யம் விழுந்தது. ஸ்வீடனுக்குக்கூட அது கிடைக்கவில்லை.

இன்னொரு நன்மையும் வந்தது. எல்லாருடைய காலணியும் சதுக்கத்தில் இருந்ததால் ஊர்வலம், மறியல் எதற்கும் யாரும் வெளியே வரவில்லை. அதிபர் இதை எதிர்பார்க்கவில்லை. மிகவும் சந்தோஷப்பட்டார்.

தெமிர்பெக்கின் தாயாரும் தன் பூட்ஸை வரிசையில் வைத்தார். இருந்தது அந்த ஒரு நல்ல ஜோடிதான். ஒரு வெள்ளிக்கிழமை வீடியோவில் வந்தார். அடுப்போரம் கம்பளிக் காலுறையோடு உட்கார்ந்திருந்தார். சதைப்பிடிப்பான முகம், முன்பல் ஒன்று தங்கம். எங்களைப் பார்த்து ஏதோ கேட்டார். தெமிர்பெக் மொழிபெயர்த்தார்.

"என் பூட்ஸை வேலைக்கு அனுப்பிய ஆள் இவரா என்கிறார்."

"ஆமாண்டு சொல்லுங்க தம்பி."

"சம்பளம் எப்போது வரும் என்கிறார்."

ஜெய்னுலாப்தீன் நெஞ்சில் கை வைத்தான். "உம்மாகிட்ட சொல்லுங்க, சம்பளமா அவுஹ தங்கச்சி முகத்தைக் காட்டுறேன். இன்ஷா அல்லாஹ்."

அந்த அம்மா பதிலைக் கேட்டுவிட்டுத் திரையில் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் முகத்தில் தடவிக்கொண்டார். நம்மைப் போல ஆமீன் சொல்கிற ஜனங்கள்தான்.

கோளாறு இலையுதிர் காலத்தில் தொடங்கியது. பணக்காரர்கள் வீட்டில் இருக்கிற காலணியை எல்லாம் வரிசையில் வைத்தார்கள். ஒருவர் ஒரு செருப்புக் கடையையே வாங்கி வைத்தார். ஏழைகள் வெறுங்காலோடு வீட்டில் இருந்தார்கள். முறை வருகிற காலணிகளை அடுத்தவர்கள் தங்களுடையது என்றார்கள். தெமிர்பெக் கூப்பிட்டு யோசனை கேட்டபோது நாங்கள் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"இதுல என்னா இருக்கு" என்றான் ஜெய்னுலாப்தீன், எலும்பைத் தட்டில் வைத்துவிட்டு. "செருப்பு யார் காலுக்குச் சேருதோ அவுஹ முறை. போட்டுப் பாக்கச் சொல்லுங்க."

மறு வாரமே அது சட்டமானது. பாராளுமன்றத்தில் எழுந்து நின்று ஆதரித்தார்களாம், காலணி இல்லாமல்.

பனி வந்தது. வரிசை மெதுவாகத்தான் நகர்ந்தது. ஒவ்வொரு வாரமும் தெமிர்பெக் தாயாரின் பூட்ஸ் எங்கே நிற்கிறது என்று காட்டுவார். நீரூற்றைத் தாண்டிவிட்டது. படிக்கட்டில் ஏறிவிட்டது. மண்டபத்துக்குள் வந்துவிட்டது. குல்ஸாத்துக்கு வாய் கோணிவிட்டது, பேச்சு போய்விட்டது, ஆனால் அக்கா பெயரைச் சொன்னால் கண் திறக்கிறாள் என்று சேதி வந்துகொண்டிருந்தது. ஜெய்னுலாப்தீன் தொழுகைக்குப் பிறகு வழக்கத்தைவிட நீண்ட நேரம் உட்கார்ந்திருக்கத் தொடங்கினான். நான் கேட்டதற்கு, "ஒரு ஜோடி பூட்ஸுக்கு துஆ கேக்குறேன் மச்சான், சிரிக்காதிய" என்றான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கடையில் கூட்டமாக இருந்த நேரம், போன் அடித்தது. தெமிர்பெக்தான். மண்டபத்திலிருந்து பேசினார். குரல் மாநாட்டில் பேசுகிற குரல்.

"மிஸ்டர் ஜைனுல், விதியை ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளக் கூப்பிட்டேன். காலணி காலுக்குச் சேராவிட்டால் முறை இல்லை. சரிதானே?"

"சரிதான். என்னா விசயம்?"

திரையை அவர் திருப்பி, போனை ஒரு தூணில் சாய்த்து வைத்தார். சாளரத்துக்கு முன்னால் அந்த அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். பூட்ஸில் ஒன்றைக் காலில் ஏற்றப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்போரம் நடக்காமல் உட்கார்ந்தே இருந்ததில் பாதங்கள் இரண்டும் வீங்கி, பூட்ஸ் வாய்க்குள் விரல்களைத் தாண்டி நுழையவில்லை. சாளரத்தின் பின்னால் ஒரு பெண் மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்தாள்.

ஜெய்னுலாப்தீன் எழுந்து நின்றுவிட்டான். "தம்பி, அது உம்மாவோட பூட்ஸ்தானே. சுத்தி இருக்கிறவங்களைக் கேளுங்க, அவுஹளுக்குத் தெரியும்ல யார் செருப்புன்னு."

"சுற்றி யாரும் இல்லை மிஸ்டர் ஜைனுல். காலணிகள்தான் இருக்கின்றன."



"அப்ப நீங்க சொல்லுங்க. நீங்க மகன்தானே."

"நான் துணை அமைச்சர்."

"யா அல்லாஹ். தம்பி, இங்க பாருங்க. எங்க ஊர்ல வயசான மனுசி வந்தா செருப்பு எங்க கிடந்தாலும் முன்னால விட்டுடுவோம். நீங்க போங்க உம்மான்னு சொல்லிடுவோம். ஒருத்தனும் கேக்கமாட்டான்."

தெமிர்பெக் தாயாரின் பூட்ஸைப் பார்த்தார். பிறகு, "இதை நீங்கள் எனக்குச் சொல்லவில்லையே" என்றார்.

"அதையெல்லாமா சொல்லுவாஹ?"

ஏரம்பு வந்து ஜெய்னுலாப்தீனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். திரையில் அந்த அம்மா முயற்சியை விட்டிருந்தார். மகனைப் பார்த்து என்னவோ கேட்டார், சின்ன வாக்கியம். தெமிர்பெக் அதை மொழிபெயர்க்கவில்லை. அவர் தலையை இடதும் வலதுமாக அசைத்ததை மட்டும் பார்த்தோம். அந்த அம்மா பூட்ஸை இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டு, காலுறையோடு, படிக்கட்டில் இறங்கி, நீரூற்றைத் தாண்டி, வரிசையின் கடைசியைத் தேடிப் போனார். மகன் ஒரு கையை நீட்டினார், வாங்கிக்கொள்வதற்கு. பிறகு இழுத்துக்கொண்டார். ஒருவர் காலணியை இன்னொருவர் வைக்கக்கூடாது என்பதும் நாங்கள் கொடுத்த விதிதான்.

எங்கள் கடையில் உட்கார்ந்திருந்த ஒரு பெஷாவர்க்காரர், "வோ மா ஹை உஸ்கா?" என்று கேட்டார். அவனுடைய அம்மாவா அது. 

பனி உருகுவதற்கு முன்னால் குல்ஸாத் போய்விட்டாள். இக்கரையில் நின்று ஜனாஸாவைத் தூக்கிப் போவதைப் பார்க்கலாமே என்று அய்சுலு அம்மாவிடம் சொன்னார்களாம். ஆற்றங்கரை வரை நடக்கக் காலணி வேண்டும். அது சதுக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

தெமிர்பெக்கைக் கோடையில் பதவியிலிருந்து நீக்கினார்கள். இதற்காக இல்லை. அதிபரின் ஷூ ஒரு ஆடு மேய்ப்பவரின் ஷூவுக்குப் பின்னால் நிற்பதைப் பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுத்துவிட்டார். அடுத்து வந்த துணை அமைச்சர் நல்ல, பக்குவமான ஊழல்காரர். பழைய முத்திரைகளை மறுபடி இறக்கினார். அய்சுலு அம்மாவுக்காகப் பக்கத்து வீட்டுக்காரி ஒரு பெட்டி சாக்லேட்டோடு போய் நின்றாள். மறுநாள் மத்தியானம் தாள் கைக்கு வந்துவிட்டது. அந்த அம்மா பாலத்தைத் தாண்டிப் போய், தங்கையின் கபரைப் பார்த்துவிட்டு, அன்று சாயங்காலமே திரும்பி வந்தார். அக்கரையில் தங்குவதற்கு இப்போது வீடு இல்லை.

தெமிர்பெக் ஒருமுறை துபாய் வந்தார். வேலை தேடி வந்ததாகச் சொன்னார். எந்தப் பெரிய கம்பெனிக்கும் அவரைப் பிடிக்கவில்லை, நேர்காணலில் உண்மையைச் சொல்லியிருப்பார். எங்கள் கடையில் வந்து உட்கார்ந்தார். டீ வரவழைத்தோம். வெளியே செருப்புகள் வெயிலில் கிடந்தன. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஜெய்னுலாப்தீன் அவரைப் பார்க்காமல், கீபோர்டைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "தம்பி, உம்மாகிட்ட நான் மாப்பு கேட்டேன்னு சொல்லுறியளா?"

"சொல்லத் தேவையில்லை. உங்கள் மேல் அம்மாவுக்குக் கோபம் இல்லை. ஜைனுலுக்கு நம் ஊர் மனிதர்களைத் தெரியாது, அவர் என்ன செய்வார் என்றுதான் சொன்னார்."

"உங்க மேல?"

தெமிர்பெக் டீயை முடித்தார். கோப்பையின் அடியில் தங்கிய சர்க்கரையைக் கரண்டியால் வழித்துச் சாப்பிட்டார். "அன்றைக்கு மண்டபத்தில் அம்மா என்னிடம் ஒன்று கேட்டார். என்னைத் தெரிகிறதா உனக்கு, என்று. நான் இல்லையென்று தலையை அசைத்தேன். அதற்குப் பிறகு பேசுவதில்லை. சமைத்து வைப்பார். தட்டை என் பக்கம் நகர்த்துவார். பேசுவதில்லை."

அவர் போன பிறகு ஜெய்னுலாப்தீன் வாசலுக்குப் போய் வெயிலில் நின்றான். டீக்கடைக்குள் எட்டிப் பார்த்து, யாராவது வயதானவர்கள் இருக்கிறீர்களா, இருந்தால் முதலில் வாருங்கள் என்று உருதுவில் கூப்பிட்டான். அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் எல்லாரும் வாலிபர்கள்.

நான் துபாய் உட்பட எந்த நாட்டுக்கும் போனதில்லை. பாஸ்போர்ட் கேட்டபோதெல்லாம், பிறந்ததற்கு அத்தாட்சி இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.